யாரிடம் கேட்டீர்கள், வாப்பா?

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் பதில் சலாம் சொல்லியிருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டு வம்புக்கு வராதீர்கள். ஊர்விட்டு வந்து நாம் குடியேறிய பென்டில் ஹில் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்து எழுதுகிறேன். உம்மா பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிறார். நான் உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியும். "ஈரத் துவாயக் கதிரையில போடுற பழக்கம் அங்கயாவது போச்சா எண்டு கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நீங்கள் போன பிறகு இங்கே என்னென்னவோ மாறிவிட்டது. பக்கத்து வீட்டில் கலர் டெலிவிஷன் வந்திருக்கிறது. ஹரிஸ் பார்க்கில் ஒரு லெபனான்காரர் ஹலால் இறைச்சிக்கடை போட்டிருக்கிறார். நீங்களும் ஹனீபா அங்கிளும் கோழிப்பண்ணைக்குக் காரோட்டிப் போய், பிஸ்மி சொல்லி நீங்களே அறுத்து, சட்டையெல்லாம் இறகோடு திரும்பி வந்த காலம் முடிந்தது. அந்தச் சட்டைகளைத் துவைத்த உம்மாவுக்குத்தான் இதில் பெரிய சந்தோஷம்.

அதைவிடப் பெரிய செய்தி, நமக்கென்று தொழ ஓர் இடம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, கண்ணால் காணாமலே போய்விட்ட இடம். முன்னர் பெண்கள் தலைமுடி அலங்காரம் செய்த கடை அது. உள்ளே போனால் சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் நாள் நாலு பேர் தொழுகைக்குத் தக்பீர் கட்டிவிட்டு, எதிரே தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். காஜா பாய்க்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, தொழுகையை விட்டுவிட்டுத் திரும்பக் கை கால் கழுவி வுளூ எடுக்க ஓடினாராம். பிறகு கண்ணாடிகளைக் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் பெயின்ட் வெளிறிய ஒரு பெரிய சதுரம் அசிங்கமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தில் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதைச் சொல்வதற்கு முன் உங்கள் இமாமை நினைக்காமல் முடியாது. வுளூ இல்லாமல் அவர் பேரைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். அதனால் "நம்மட இமாம்" என்பீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன் புகாரா நகரத்தில் பிறந்து, தகப்பன் இல்லாமல் வளர்ந்து, நபியவர்களின் சொற்களைத் தேடித் தொகுக்க ஊர் ஊராக அலைந்த மனிதர். ஒரு சொல்லை எழுதுமுன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார் என்பீர்கள். அவரைச் சோதிக்க பக்தாதில் ஆட்கள் கூடி, எந்த நபிமொழியை யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசைகளை வேண்டுமென்றே மாற்றிக் குழப்பிச் சொன்னபோது, அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் வரிசையோடு திரும்பச் சேர்த்து வைத்தாராம். இதைச் சொல்லும்போது ஏதோ உங்கள் வகுப்புப் பிள்ளை கணக்கில் முதலாவதாக வந்தது போல உங்கள் முகம் இருக்கும்.

உங்களுக்குப் பிடித்தது குதிரைக் கதை. ஒரு நபிமொழியை அறிந்த ஒருவரிடம் அதைக் கேட்பதற்காக இமாம் நெடுந்தூரம் போனார். அங்கே அந்த மனிதர் வெறும் துணியைத் தீனி போலக் காட்டித் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிருகத்தை ஏமாற்றுகிறவரிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இமாம் வந்த வழியே திரும்பிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? "இது உங்களுக்கு யார் சொன்னது வாப்பா?" என்று உங்கள் கேள்வியையே உங்களிடம் திருப்பினேன். நீங்கள் முழித்தீர்கள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது இமாமைப் பத்தினதா, வேற ஆளப் பத்தினதா எண்டு எனக்கும் சரியாத் தெரியா மகள்" என்றீர்கள். உங்களை எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

அந்தக் கேள்வியால் வீட்டில் எங்களுக்கு இருந்த தொல்லை கொஞ்சமா? மழை வரப்போகிறது என்றால், யார் சொன்னது? ரேடியோவில் சொன்னார்கள். ரேடியோக்காரனுக்கு யார் சொன்னது? உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது என்று உம்மா சொன்னால்கூட, நேராகப் பார்த்ததா கேள்விப்பட்டதா என்று விசாரணை நடக்கும். உம்மா அகப்பையைத் தூக்கிக் காட்டுவார். அதோடு விசாரணை முடியும்.

சரி, சதுரத்துக்கு வருகிறேன். திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முன்னைய வியாழன் பின்னேரம் நான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து ரயிலில் இருந்து இறங்கும்போது, ஹனீபா அங்கிள் காரோடு காத்துக்கொண்டிருந்தார். ரயில் பட்டறையில் வெல்டிங் செய்துவிட்டு வந்த அதே உடுப்பு. "வா மகள், ஒரு சாமான் காட்டோணும்" என்று கூட்டிக்கொண்டு போனார். தொழும் இடத்தில், அந்தச் சதுரத்தை மறைக்கவென்று செய்து சுவரில் சாத்தி வைத்திருந்த ஒரு பலகையின் மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. அதை மெதுவாக விலக்கினார்.

பச்சைப் பலகை, தங்க நிற எழுத்து. தமிழிலும் இங்கிலீஷிலும் அவரே கைப்பட எழுதியிருந்தார். "ஊர்விட்டு வந்தவருக்கு முதலில் உணவளியுங்கள், பிறகு பெயரைக் கேளுங்கள்." அதன் மேலே பெரிதாக, "நபிமொழி".

"உன்ட வாப்பாட நினைவா செய்தனான்," என்றார். "அவருக்கு இது எவ்வளவு விருப்பம்! எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!" அவர் கண் கலங்கியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றையும் விரலால் தடவிக் காட்டினார். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? என்னால் நல்லது என்று சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அது நபிமொழி இல்லை, வாப்பா. அது நீங்கள் சொன்னது. நீங்கள் நபிமொழி சொன்னால் இன்னார் சொல்ல இன்னார் கேட்டார், அவரிடம் இன்னார் கேட்டார் என்று வரிசை சொல்லாமல் வாயைத் திறக்கமாட்டீர்கள். உம்மா வைத்த சோறும் ஆணமும் ஆறிப்போனாலும் வரிசை முடிய வேண்டும். இந்தச் சொல்லுக்கு மட்டும் நீங்கள் ஒருநாளும் வரிசை சொன்னதில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் சொல்வீர்கள், தட்டை நீட்டுவீர்கள், அவ்வளவுதான்.

"அங்கிள், இது நபிமொழிதான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "என்ன மகள் இப்பிடிக் கேக்கிறாய்? காஜா பாய் சொன்னவர். உன்ட வாப்பாட வாயாலேயே கேட்டவர்."

"வாப்பா சொன்னது சரி. ஆனா அது வாப்பாட சொந்தச் சொல் எண்டு நினைக்கிறன்."

"இருக்கட்டுமே! நல்ல சொல்தானே? அதால ஆருக்கு என்ன நட்டம்?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. அந்தச் சொல் நல்ல சொல்தான். உணவளிப்பதைப் பற்றி நபிமொழிகள் இல்லாமலும் இல்லை. பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தால் ஹனீபா அங்கிள் சந்தோஷப்படுவார், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உங்களைப் பெருமையாகப் பேசுவார்கள், உம்மா கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு மட்டும் அதில் ஆசை இல்லையா? என் வாப்பாவின் சொல் அந்தச் சுவரில், அந்தத் தலைப்பின் கீழ். யாருக்கு வாய்க்கும் அது?

ஆனால் உங்கள் இமாம் தன் ஆயுள் முழுக்க எதோடு மல்லுக்கட்டினார்? கெட்டவர்கள் சொன்ன பொய்யோடு மட்டுமா? நல்ல மனதோடு, நல்ல சொல்லை எடுத்து, நபியவர்கள் சொன்னதாக ஏற்றிவிட்டவர்களோடும்தானே! அதை எனக்குச் சொன்னது நீங்கள்தான். அரசனுடைய மாளிகைக்கு வந்து தனியாகப் பாடம் நடத்தச் சொன்னதற்கு, அறிவு வேண்டியவர் அறிவைத் தேடி வரட்டும் என்று மறுத்தவர் அவர். அதற்காகச் சொந்த ஊரை விட்டே போக வேண்டி வந்தது. சமர்க்கந்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மௌத்தானார். அந்த மனிதரை உயிரோடு உயிராக நேசித்த உங்கள் பேராலேயே ஒரு பிழையான சொல் சுவரில் ஏறுவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அங்கிள், காஜா பாயிட்ட ஒருக்கா கேப்பமா?" என்றேன். அவர் கோபத்தோடுதான் கார்ச் சாவியை எடுத்தார்.

காஜா பாயை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் கீழக்கரை, இங்கே தண்ணீர்க் குழாய் போடும் இஞ்சினியர், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். எங்களைக் கண்டதும் வழக்கம்போலச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆமாம்மா, உங்க வாப்பாகிட்டதான் கேட்டேன்," என்றார். "நான் வந்த புதுசு. பென்டில் ஹில் பிளாட்பாரத்துல ஆளப் பாத்துட்டு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. போற வழியில நபியோட ஹதீஸ் ஒண்ணு சொன்னாரு, யாரு யாருகிட்ட கேட்டாங்கன்னு எல்லாம் சொல்லி. முடிச்சாரு, மூச்சு விடாம இதையும் சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். அப்புறம் முன்னாடி உள்ளது மறந்து போச்சு. இது மனசுல ஒட்டிக்கிச்சு. அல்லாஹ், நான்தான் கலந்துட்டேன் போல!"

வாப்பா, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நபிமொழியின் வாலில் அறிவிப்பாளரின் சொந்தச் சொல் ஒட்டிக்கொள்வது பற்றி நீங்கள் எனக்கு எத்தனை பாடம் நடத்தியிருப்பீர்கள்! அந்தப் பிழைக்கு இமாம் எப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன அதே மனிதர், ரயில் நிலையத்தில் இருந்து வீட்டுக்கு நடக்கும் தூரத்துக்குள் அதே பிழைக்கு வழி செய்துவிட்டார். இமாம் கண்டால் உங்களை எந்த வரிசையில் வைப்பார்?

ஹனீபா அங்கிள் என்னோடு இனிப் பேசவே மாட்டார் என்று பயந்தேன். உங்களுக்குப் பிறகு வீட்டுக் குழாய் ஒழுகினாலும், உம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் ஓடி வருகிறவர் அவர். ஆனால் மனிதர், "அப்ப அந்த மேல் எழுத்த அழிக்கிறன். உன்ட வாப்பாட பேரப் போடுறன். அது சரிதானே?" என்றார். "சரி அங்கிள்" என்றேன். சொல் உண்மையாகவும் இருக்கும், உங்களுடையதாகவும் இருக்கும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

உங்கள் பேரை எப்படி எழுதுவது, முழுப்பேரா, ஊர் கூப்பிட்ட பேரா என்று உம்மாவிடம் கேட்க மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தோம். உம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஹனீபா அங்கிள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தார். உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அவர் சொன்னதா? ஆர் சொன்ன அவர் சொன்னதெண்டு? அது நான் அவருக்கு ஏசினது!"

சிரிப்பு அடங்கியதும் உம்மாவே கதையைச் சொன்னார்.

"நாங்க வந்த முதல் வருஷம். புதுசா வந்தாக்கள் தங்குற ஹொஸ்டலில இருந்து ஒரு மனிசனக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த ஆள் பசியில வாடிப்போய் இருக்கு. இவர் முன்னால இருந்துகொண்டு, வாப்பா ஆர், வாப்பாட வாப்பா ஆர், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேள்வியாக் கேக்கிறார். ஹதீஸ் எழுத வந்த ஆள் மாதிரி! எனக்கு விசர் வந்திட்டு. குசினிக்குள்ள கூப்பிட்டு, ஊர் விட்டு ஊர் வந்த மனிசனுக்கு முதல்ல சோத்தக் குடுங்க, பேரப் புறகு கேக்கலாம் எண்டு நல்லா ஏசினன்."

ஹனீபா அங்கிள் மெதுவாகக் கையைத் தூக்கினார், வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளை போல. "ராத்தா, அந்த மனிசன் நான்தான்."

"ஓம் தம்பி, நீங்கதான்."

"குசினிக்குள்ள போனவர், வரக்குள்ள முகமெல்லாம் சிவந்து போய்க் கிடந்திச்சு. கையில தட்டு. அதுக்குப் புறகு நான் சாப்பிட்டு முடியும் வரைக்கும் ஒரு கேள்வி இல்ல. இவ்வளவு நாளும் எனக்கு விளங்கயில்ல ராத்தா!"

வாப்பா, நேரடியாகச் சொல்கிறேன், எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. மழைக்கும் உருளைக்கிழங்குக்கும் யார் சொன்னது என்று கேட்டவர், எல்லாருக்கும் சொல்லித் திரிந்த ஒரு நல்ல சொல்லுக்கு, "இது என் பெஞ்சாதி சொன்னது" என்று ஒருதரம் சொல்லியிருக்கக்கூடாதா? வெட்கமா? மறதியா? அல்லது ஒரே வீட்டில் இருந்து இருந்து, உங்கள் சொல் எது அவர் சொல் எது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விட்டதா? உங்களிடம் இருந்து இதற்குப் பதில் வராது என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

"உங்களுக்குக் கோபமே வரயில்லையா உம்மா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குக் கோபம்? நான் சொன்னா அது ஏச்சு. அவர் சொன்னா வடிவா இருந்திச்சு. அதான் விட்டிட்டன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை.

அப்போது எனக்கு உங்கள் இமாமின் தாய் ஞாபகத்துக்கு வந்தார். சின்ன வயதில் அவருக்குக் கண்பார்வை போனதையும், அந்தத் தாய் அழுது துஆக் கேட்டுக் கேட்டுப் பார்வை திரும்பியதையும் நீங்கள் எவ்வளவு உருக்கமாகச் சொல்வீர்கள்! பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போனதும் அந்தத் தாய்தான். அந்தக் கண் திரும்பாவிட்டால் எங்கே இமாம், எங்கே அவர் தொகுத்த நூல்? அத்தனை அறிவிப்பாளர்களின் பேரும் உங்களுக்கு மனப்பாடம். அந்தத் தாயின் பேரை மட்டும் நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் அந்த வியாழன் வரைக்கும் கேட்கவில்லை.

பலகையை ஹனீபா அங்கிள் மறுபடியும் எழுதினார். "சொன்னவர்: ஸபியா உம்மா" என்று. உம்மா முதலில் பதறிப்போனார். தொழுகிற இடத்தில் தன் பேச்சு எதற்கு என்று ஒரே பிடிவாதம். கடைசியில் பின்பக்கம் தேத்தண்ணி ஊற்றும் சின்னக் குசினி வாசலுக்கு மேலே என்றால் சரி என்று இறங்கி வந்தார். வெளிறிய சதுரத்தில் இப்போது தொழுகை நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு தொங்குகிறது. சதுரம் இன்னும் அதைச் சுற்றித் தெரிகிறது. தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வெளி நடைபாதை வரைக்கும் நின்றது. லெபனான்காரர், துருக்கிக்காரர், பிஜிக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். நடுப்பகல் லுஹர் தொழுது முடிந்து உம்மாவின் நெய்ச்சோறு பரிமாறும் நேரத்தில், வாசலில் ஒரு புதுக் குடும்பம் தயங்கி நின்றது. புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை. குழந்தைக்குப் பொருந்தாத பெரிய குளிர்ச்சட்டை. காஜா பாய் பாய்ந்து போய், "வாங்க வாங்க, எந்த ஊரு நீங்க? பேரென்ன?" என்று தொடங்கினாரே பார்க்க வேண்டும்! உள்ளே இருந்து அத்தனை பேரும் ஒரே குரலில், "முதல்ல சோறு!" என்று கத்தினார்கள். தமிழ் தெரியாத துருக்கிக்காரரும் சேர்ந்து கத்தினார். காஜா பாய் வாயைப் பொத்திக்கொண்டு தட்டெடுக்க ஓடினார்.

அந்தப் புது மனிதர் சாப்பிட்டுக்கொண்டே பலகையை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த ஹனீபா அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "ஸபியா ராத்தா சொன்னவ. அவட மாப்பிள்ள அவவிட்டக் கேட்டவர். அவரிட்டக் காஜா பாய் கேட்டவர். காஜா பாயிட்ட நான் கேட்டனான். இப்ப நீங்க என்னட்டக் கேக்கிறீங்க." அந்த வரிசையின் நடுவில் நீங்கள் இருந்தீர்கள், வாப்பா. உங்களுக்குரிய இடத்தில், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உங்களை அடக்கிய ரூக்வுட் மையவாடிக்கு அடுத்த வெள்ளி வருகிறேன். அதற்கு முன் ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் வாயால் நான் கேட்டு வளர்ந்தவற்றில் இன்னும் எவையெல்லாம் உம்மா சொன்னவை என்று, அவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வரிசையோடு சொல்வேன், உங்களையும் விடமாட்டேன், அவரையும் விடமாட்டேன். உங்கள் இமாம் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் பயணம் போனார். எனக்கு இந்தக் கதிரையில் இருந்து பின்வளவு வரைக்கும்தான் தூரம். உடுப்புக் கூடை இன்னும் பாதி கிடக்கிறது, நான் எழும்பிப் போகிறேன்.

உம்மாவிடம் கேட்டவரிடம் கேட்டு வளர்ந்த,
உங்கள் மகள்,
நஸீமா